ஏலமலையில் ஓர் இருவாச்சி இல்லம்

பெருநாள் அன்று உங்கள் அடுக்களையில் பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறக்கும்போது, எல்லா மணங்களையும் முந்திக்கொண்டு வருவது ஏலக்காயின் மணம். மாலைத் தேநீரிலும், பாயசத்திலும், விருந்தினருக்கு வைக்கும் இனிப்பிலும் அந்தச் சிறு காய்க்கு ஓர் இடம் உண்டு. அது எந்த மண்ணில் விளைந்தது, எதன் நிழலில் விளைந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை, சென்ற ஆண்டு பங்குனி மாதம் போடி மலையில் ஒரு பறவைக் குடும்பத்தைக் காணும் வரையில்.

அந்த மலைக்கு உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன், வாருங்கள்.

போடியிலிருந்து மேலே

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் அமைந்திருக்கிறது போடிநாயக்கனூர். மதுரையிலிருந்து இவ்வூருக்கு 1928ஆம் ஆண்டிலேயே இரயில் வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கும் ஏலமும் காப்பியும் தேயிலையும் அதில் ஏறிச் சென்றன. அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் அந்த இரயில் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பின், 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்தே நேராகப் போடிக்கு வண்டி விட்டார்கள். இப்போது நீங்கள் இரவில் சென்னையில் ஏறினால் காலையில் மலையடிவாரத்தில் இறங்கலாம்.

நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் விற்பனை நடைபெறும் ஊர் இது. “எங்கள் ஊரில் ஏலத்தையே ஏலம் விடுகிறோம்” என்று போடி வணிகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவ்வணிகத்தில் இராவுத்தர் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. என் தாய்மாமனும் அத்தகையவர்களில் ஒருவர். மலைக்கு மேலே சில ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். அவருடைய அழைப்பின்பேரில்தான் நான் சென்றேன்.

போடியில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஊர் விழித்துவிடும். தலையில் துண்டும், கையில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுவார்கள். மலைக்கு மேலே கேரளத் தோட்டங்களில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் திரும்புவார்கள். உங்கள் வீட்டு ஏலக்காயைச் செடியின் அடியில் குனிந்து, சரம் சரமாகத் தேடிப் பறித்த கைகள் பெரும்பாலும் இவர்களுடையவை.

முந்தலைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துச் சரிவுகள் வறண்டவை. தென்மேற்குப் பருவமழையை மலையின் மறுபுறம் வாங்கிக்கொள்வதால், போடி பக்கம் மழை மறைவுப் பிரதேசமாகி, முட்புதரும் காய்ந்த புல்லும் மண்டிக் கிடக்கிறது. கோடையில் இந்தப் புல் எத்துணை ஆபத்தானது என்பதை 2018 மார்ச் மாதம் குரங்கணி மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீ நமக்கு உணர்த்தியது. மலையேற்றத்திற்குச் சென்ற இளைஞர்களும் யுவதிகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் அதில் உயிரிழந்தனர்.

வளைவுக்கு வளைவு காட்சி மாறுகிறது. காற்றில் குளிர்ச்சி ஏறுகிறது. 4,000 அடிக்கு மேல் ஏறிப் போடிமெட்டை அடையும்போது முகத்தில் பனிமூட்டம் படிகிறது. அங்கே மாநில எல்லை. அதைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்து ஏலமலை. வறண்ட முட்காட்டைக் கண்ட கண்களுக்கு வானுயர்ந்த மரங்களும், அவற்றின் கீழே ஆளுயர ஏலச்செடிகளும் தென்படும்போது, வேறொரு நாட்டிற்கு வந்துவிட்டாற்போல் தோன்றும்.

ஏலச்செடி வெயிலின் பிள்ளையன்று, நிழலின் பிள்ளை. நேர்வெயில் பட்டால் அதன் இலை கருகும். ஆகவேதான் முன்னோர் காட்டை மொட்டையடிக்காமல், பெரிய மரங்களை நிறுத்திவைத்து அவற்றின் கீழே ஏலம் பயிரிட்டனர். இங்குள்ள ஏலமலைக் காட்டுப் பகுதியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு நெடுங்காலமாக நிலவுகிறது. நிலம் வருவாய்த்துறையின் பொறுப்பில். அதன்மேல் நிற்கும் மரம் வனத்துறையின் பொறுப்பில். தோட்டக்காரர் ஏலத்திற்குத்தான் உரியவர். மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது.

மாமாவின் கவலை

காட்டை ஒட்டிய மாமாவின் தோட்டத்தில் ஒரு பழைய வெடிப்பலா மரம் நிற்கிறது. இது நாம் உண்ணும் பலாவன்று. கிளைகளிலேயே ஒட்டி, முள் உருண்டைகளாகக் காய்க்கும் மலைமரம். இருவர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம். உயரே, ஒரு கிளை முறிந்த இடத்தில் பொந்து விழுந்திருந்தது.

“இந்த மரம் இனி நிக்காது மருமகனே. உள்ளே வெறும் பொந்து. ஆனி ஆடிக் காத்துக்குத் தாங்காது. வேலைக்கு வர்ற பொம்பளைங்க தினமும் இந்தப் பாதையிலதான் போறாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அல்லாஹ்வுக்கு யாரு பதில் சொல்றது? வெட்ட அனுமதி கேட்டு மனு எழுதி வச்சிருக்கேன்” என்றார் மாமா.

அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. மனித உயிரைவிட மரம் பெரிதா?

அவ்வேளையில்தான் தலைக்கு மேலே ஓர் ஓசை கேட்டது. முன்னாளில் போடிக்கு வந்த கரி இரயில் நிலையத்தைவிட்டுப் புறப்படும்போது மூச்சிரைக்குமே, அதுபோன்ற ஓசை. நிமிர்ந்து பார்த்தேன். மரங்களுக்கு மேலே ஒரு பெரும் பறவை பறந்து வந்து வெடிப்பலாவின் பக்கத்துக் கிளையில் அமர்ந்தது. கிளை தாழ்ந்து ஆடியது.

“இருவாச்சி. தை மாசத்துல இருந்து தினமும் வருது” என்றார் மாமி, சர்வசாதாரணமாக.

இரண்டு வாய் கொண்ட பறவை

வாசகர்களே, இருவாச்சியை நீங்கள் பார்த்திராவிட்டால் அதன் உருவத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். அலகு முதல் வால் வரை மூன்று அடிக்குக் குறையாது. நான்கு அடியையும் எட்டும். விரித்த சிறகின் அகலம் ஏறக்குறைய ஐந்து அடி. எடை இரண்டு கிலோ முதல் நான்கு கிலோ வரை. உடல் கருப்பு, வயிறு வெள்ளை. வெள்ளை வாலின் குறுக்கே ஒரு கரும்பட்டை.

நீண்டு வளைந்த மஞ்சள் அலகின்மேல், இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு தொப்பி இருக்கும். இரண்டு வாய் இருப்பதுபோல் தோன்றுவதால்தான் இருவாச்சி என்று பெயர் வந்ததென்பர். பார்ப்பதற்குப் பாரமாகத் தோன்றும் அத்தொப்பி உண்மையில் உள்ளீடற்றது. ஆயினும் அலகின் சுமையைத் தாங்குவதற்காக, இப்பறவையின் கழுத்தில் முதல் இரண்டு எலும்புகளும் ஒன்றாக இணைந்தே அமைந்துள்ளன. ஆணின் கண் சிவப்பு; பெண்ணின் கண் வெண்மை. தொலைவிலிருந்தும் இதைக்கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம்.

கழுத்திலும் சிறகிலும் தெரியும் மஞ்சள் நிறம் பிறவி நிறமன்று. வாலின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் ஒருவகை எண்ணெயை அலகால் எடுத்து இறகுகளில் பூசிக்கொள்கிறது. நாம் பெருநாளைக்கு அத்தர் பூசிக்கொள்வதுபோல என்று சொன்னால் மிகையாகாது!

சிறகின் பெரிய இறகுகளுக்கு இடையே காற்று புகுந்து வெளியேறுவதால்தான் அந்த இரயில் ஓசை எழுகிறது. மலையாள மக்கள் இதனை “மலமுழக்கி வேழாம்பல்” என்பர். மலையையே முழங்க வைக்கும் பறவை என்பது அதன் பொருள். கேரளத்தின் மாநிலப் பறவையும் இதுவே. இந்தியாவில் இருவாச்சி இனங்கள் ஒன்பது. அவற்றுள் நான்கு தமிழகத்தில் உள்ளன. ஏலத்தோட்டங்களில் யாரோ இடைவிடாமல் கேலியாகச் சிரிப்பதுபோல் குரல் கேட்டால், அது மற்றோர் இனமான மலபார் சாம்பல் இருவாச்சி. அது உருவத்தில் சிறியது, தொப்பியும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை.

அடைத்த வாசலுக்குள் ஒரு தாய்

மாமாவின் மரத்துக்கு வந்த ஆண் பறவை நேராகப் பொந்தினருகே சென்று அடிமரத்தைப் பற்றிக்கொண்டது. தொலைநோக்கியால் பார்த்தேன். பொந்தின் வாய் முழுவதும் பூசி அடைக்கப்பட்டிருந்தது. நடுவே, மேலிருந்து கீழாக ஒரு கீறல் மட்டும். அந்தக் கீறலில் ஓர் அலகின் நுனி தெரிந்தது!

உள்ளே இருந்தது பெண் பறவை. மழை ஓய்ந்து, மார்கழி தை மாதங்களில் இருவாச்சி இணை பொந்து தேடும். மரங்கொத்தியைப்போல் இதனால் மரத்தைக் குடைய முடியாது. இயற்கையாக உண்டான பொந்தையே நம்பியிருக்கிறது. அத்தகைய பொந்து மிகப் பழைய, மிகப் பருத்த மரங்களில்தான் கிடைக்கும். கிடைத்த பொந்தையே ஆண்டுதோறும் பயன்படுத்தும்.

பொந்தினுள் நுழைந்த பெண், தன் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்துத் தானே வாசலை அடைத்துவிடுகிறது. ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இடும். ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாக்கும். அந்த நாட்களில் தன் சிறகு இறகுகளையும் வால் இறகுகளையும் உதிர்த்துவிட்டுப் புதியன வளர்த்துக்கொள்கிறது. அதாவது, வெளியே வந்தாலும் அதனால் பறக்க இயலாது. அந்தத் தாயின் உயிரும், குஞ்சின் உயிரும் ஒரே ஓர் ஆணின் அலகில் இருக்கின்றன.

ஆண் பறவை என்ன செய்கிறது? நாள்தோறும் பலமுறை வந்து ஊட்டுகிறது. நான் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தின் திண்ணையில், நூறு அடிக்கு அப்பால் அமர்ந்து எண்ணினேன். தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பழங்களை மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்துக் கீறல் வழியே நீட்டியது. இருபத்து மூன்று அத்திப்பழங்கள்! ஒன்றைக்கூடத் தான் விழுங்கவில்லை. கடைசிப் பழத்தைக் கொடுத்ததும் ஒரு கணம் தயங்கி நின்று, மீண்டும் காட்டை நோக்கிப் பறந்தது. குஞ்சு பொரித்த பின் பல்லி, ஓணான், சிறு பாம்பு போன்றவற்றையும் பிடித்து வரும்.

குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் வாசலை உடைத்து வெளியே வரும். உடனே, உள்ளேயிருக்கும் குஞ்சு தானாகவே வாசலை மீண்டும் அடைத்துக்கொள்ளும். அப்பால் தாயும் தந்தையும் சேர்ந்து ஊட்டுவர். இவ்வாறு வாசல் அடைப்பது முதல் குஞ்சு பறப்பது வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆகின்றன. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான்.

“நம்ம வீட்டுலயும் புள்ளை பெத்தவளை நாப்பது நாள் வெளியே விடமாட்டோம்ல? அவளுக்கு வேணுங்கிறதை ஆம்பளை கொண்டாந்து கொடுக்கணும். பறவைக்குத் தெரிஞ்சது சில மனுசனுக்குத் தெரியலை” என்றார் மாமி. மாமா சிரித்தாலும் ஒன்றும் பேசவில்லை.

இடையில் அந்த ஆண் பறவையை யாரேனும் வீழ்த்திவிட்டால்? பறக்க முடியாத தாயும், பிறந்த குஞ்சும் பொந்துக்குள்ளேயே பட்டினியால் மடிய நேரிடும். மரத்தை வெட்டினால் சொல்லவே வேண்டியதில்லை.

நிழலை நட்டவர் யார்?

மறுநாள் காலை மரத்தடிக்குச் சென்றோம். கூட்டிலிருந்து விழுந்த விதைகள் தரையில் பரவிக் கிடந்தன. அத்தி, காட்டு ஜாதிக்காய், குங்கிலியம் எனப் பலவகை. சென்ற ஆண்டுகளில் விழுந்தவை முழங்கால் உயரம் முளைத்து நின்றன.

இருவாச்சியின் உணவில் பெரும்பகுதி பழங்கள். ஆனைமலையில் 1990களின் தொடக்கத்தில் ஆர். கண்ணன் என்னும் ஆய்வாளர் இப்பறவைகளின் கூடுகளை ஆராய்ந்து, அத்திவகைப் பழங்களே இவற்றின் முதன்மை உணவென்று கண்டறிந்தார். சிறு பறவைகளால் விழுங்க முடியாத பெரிய விதைகளையும் இருவாச்சி விழுங்கும். பறந்து செல்லும் இடங்களில் அவ்விதைகளைப் பழுதின்றிக் கக்கிவிடும். காட்டின் பெருமரங்கள் பல இவ்வாறு பரவியவை.

அப்படியானால், ஏலச்செடிக்கு நிழல் தரும் மரங்களை நட்டது யார்? பாட்டனாரா? அவர் நிறுத்திவைத்தார், நடவில்லை. நட்டவற்றுள் பல இந்தப் பறவையின் கைங்கரியம். அதற்கு அது கேட்கும் கூலி, பழைய மரத்தில் ஒரு பொந்து.

அண்மைக் காலத்தில் ஏலமலையில் நிழல் குறைந்து வருகிறது. அதிக விளைச்சல் தரும் புதிய ரகங்கள் கூடுதல் வெளிச்சத்தை விரும்புவதால் கிளைகளை அளவுக்கு மீறிக் கழிக்கிறார்கள். சில இடங்களில் காட்டு மரங்களுக்குப் பதிலாக விரைவில் வளரும் சில்வர் ஓக்கை நடுகிறார்கள். அதில் இருவாச்சிக்குப் பழமும் இல்லை, பொந்தும் இல்லை. இதன் விளைவைப் பறவை மட்டும் அனுபவிக்கவில்லை. 2024ஆம் ஆண்டுக் கோடை வெப்பத்தில் இடுக்கி மாவட்டத்தில் ஏலச்செடிகள் பெருமளவில் காய்ந்து கருகின.

“அந்த வருசம் கீழ்ப்பக்கம் கவாத்துப் பண்ணின இடம் பூராவும் போச்சு. இந்த மரத்தைச் சுத்தி இருந்த செடிதான் தப்பிச்சுது” என்று மாமா மெதுவாகச் சொன்னார். தம் வாயிலிருந்து வந்த சொல்லைத் தாமே அப்போதுதான் கேட்டதுபோல் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

காப்பவர்களும் இருக்கிறார்கள்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இப்பறவைக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்திருக்கிறது. இதனைப் பிடிப்பதும் கொல்வதும் கடுங்குற்றம். எனினும் சட்டத்தைவிட மனமாற்றமே பெரிது. கேரளத்தின் வாழச்சால் காடுகளில் வாழும் காடர் பழங்குடியினர் முன்னாளில் இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்து வந்தவர்கள். இன்று அவர்களே கூடுகளின் காவலர்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. அந்த அறிவு இப்போது காப்பதற்குப் பயன்படுகிறது.

மனிதரோடு இப்பறவைக்குள்ள உறவுக்கு இன்னொரு சான்று உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அலுவலகத்தில் 1894 முதல் 1920 வரை ஓர் இருவாச்சி வளர்ந்தது. வில்லியம் என்பது அதன் பெயர். இருபத்தாறு ஆண்டுகள் வந்தவர்களையெல்லாம் கவர்ந்த அப்பறவையின் இனமே இன்றும் அக்கழகத்தின் சின்னமாக விளங்குகிறது. ஆனால் வில்லியத்திற்கு அடைத்த வாசலுக்கு வெளியே நின்று ஊட்டும் பேறு கிட்டவில்லை. அது காட்டில்தான் கிட்டும்.

நீங்கள் குடும்பத்தோடு இம்மலைகளுக்குச் சென்றால், மேகமலையிலும் ஆனைமலையிலும் தேக்கடிக் காடுகளிலும் இருவாச்சியைக் காணும் வாய்ப்புண்டு. அத்திமரம் பழுத்திருக்கும் இடத்தில் விடியற்காலையில் அமைதியாகக் காத்திருங்கள். கூடு தென்பட்டால் அருகே செல்லாதீர்கள். பிள்ளைகளைக் கூச்சலிட விடாதீர்கள். அருகில் ஆள் நடமாட்டம் கண்டால் ஆண் பறவை ஊட்டாமலே திரும்பிவிடும். உள்ளே ஒரு தாய் பசியோடு காத்திருப்பாள்.

ஊர் திரும்புமுன் மாமாவிடம் மரத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. வேலைக்கு வரும் பெண்களின் உயிரைப் பற்றிய அவருடைய அச்சம் நியாயமானது. வெளியூரிலிருந்து இரண்டு நாள் வந்து தங்கியவன் அறிவுரை சொல்வது அழகன்று.

வைகாசியில் மாமா தொலைபேசியில் அழைத்தார். “மூணும் சேர்ந்து மேற்கே பறந்துடுச்சு மருமகனே. குஞ்சு நல்லாப் பறக்குது” என்றார். பிறகு சிறிது நேரம் பேசாமலிருந்தார். “பாதையை ஓடைப் பக்கமா மாத்திட்டேன். கொஞ்சம் சுத்துதான். பொம்பளைங்க முதல்ல முணுமுணுத்தாங்க. காரணம் சொன்னதும் சரின்னுட்டாங்க. மரம் விழுந்தா விழட்டும், ஆள் மேலே விழாது. மனு மேசையிலேயே கிடக்குது.”

ஆனியும் ஆடியும் கடந்தன. காற்றடித்தது, மழை கொட்டியது. மரம் நின்றது.

இவ்வாண்டு தை மாதத்தின் நடுவில் ஒருநாள் மாலை மாமி அழைத்தார். நலம் விசாரித்த பின், “உன் மாமா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு” என்றார். என்னவென்று கேட்டேன்.

“அவ வந்து வாசலை அடைச்சிட்டா.”